கவிஞர் வீட்டு முயல்கள்

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1773-ல் கடும் மனநோய்க்கு ஆளானார். எதிலும் மனம் ஒட்டவில்லை.

அவர் வசித்த ஓல்னி என்ற சிற்றூரில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலரிடம் ஒரு காட்டு முயல்குட்டி இருந்தது. சலித்துப்போய் அதைச் சரியாகக் கவனிக்காமல் விட்டார்கள். குட்டி மெலிந்துகொண்டே வந்தது. அவர்களுடைய அப்பா 1774-ல் அதைக் கூப்பரிடம் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் ஊரார் ஆளாளுக்குக் குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். புஸ், டைனி, பெஸ் என்று பெயர். மூன்றுமே ஆண் முயல்கள்.

அவை தூங்க மரக்கூடுகளைத் தானே செய்தார். மாலையானால் மூன்றும் கூடத்துக் கம்பளத்தில் துள்ளி விளையாடும். இந்த அன்றாட வேலைதான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றியது.

புஸ் மூன்று நாள் நோயில் கிடந்தது. பக்கத்திலிருந்து கவனித்தார். தேறியதும் அது அவர் கையை நக்கியது. டைனிக்கும் நோய் வந்தது, அதே கவனிப்புதான். ஆனால் அது கடைசிவரை பழகவில்லை. தடவப் போனால் உறுமும், முன்காலால் அடிக்கும், கடிக்கும்.

பெஸ் இளவயதிலேயே இறந்தது. புஸ் ஏறக்குறைய 12 வருடம் வாழ்ந்து 1786-ல் இறந்தது. முரட்டு டைனியையும் அவர் 8 வருடத்துக்கு மேல் வைத்துக் காப்பாற்றினார். அது இறந்தபோது இரங்கல் கவிதையும் எழுதினார்.

நன்றியை எதிர்பார்த்து வளர்த்திருந்தால், டைனி அந்த வீட்டில் ஒரு மாதம்கூடத் தங்கியிருக்காது.