கதைக்குள் வராத குழந்தைகள்: பழனி மலையிலிருந்து சிறார் எழுத்தின் வரலாற்றை வாசித்தல்



அண்ணல் அம்பேத்கர் நினைவுநாளில் நிகழும் இந்தப் பேருரைக்குச் சிறார் கதையை எடுத்துக்கொள்கிறேன் என்றதும் சில தோழர்கள் வியந்தார்கள். பஞ்சமி நிலம், ஆணவக்கொலை, மலக்குழி மரணம் என்று பேச எவ்வளவோ இருக்கும்போது பாப்பா கதையா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள், அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அரிவாள் பிடித்த அந்தக் கைகள் சில ஆண்டுகளுக்கு முன்புவரை கதைப்புத்தகம் பிடிக்கிற வயதில் இருந்த கைகள். அந்த வயதில் அவர்களுக்கு யார், என்ன கதை சொன்னார்கள்? வெட்டுப்பட்ட மாணவனுக்கு அதே வயதில் எந்தக் கதைப்புத்தகத்தில் இடம் இருந்தது? இந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது.

ராஜகுமாரர்களுக்குச் சொன்ன கதை

நம் நாட்டில் குழந்தைகளுக்கான கதைகளின் பழைய தொகுப்பு என்று எல்லோரும் சொல்வது பஞ்சதந்திரம். அதன் தொடக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓர் அரசனுக்கு மூன்று மக்குப் பிள்ளைகள். அவர்களை ஆளத் தகுந்தவர்களாக்க விஷ்ணுசர்மன் என்னும் பார்ப்பன ஆசிரியர் விலங்குக் கதைகள் சொல்கிறார். சொல்பவர் யார், கேட்பவர் யார், எதற்காக என்பதெல்லாம் கதைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. கேட்கிற பிள்ளை நாளை ஆளப்போகிற பிள்ளை. ஆளப்படப்போகிற பிள்ளைக்கு அந்த வகுப்பறையில் இடமில்லை.

தமிழ் உரைநடையில் நகைச்சுவைக் கதைகளுக்கு முன்னோடி வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, 1822இல் லண்டனில் அச்சேறியது. குருவையே முட்டாளாக்கிய துணிச்சல் அதில் உண்டு. ஆனால் அவருடைய ஐந்து சீடர்களின் பெயர்களைப் பாருங்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். நான்கு பெயர்கள் அறிவின்மையைச் சொல்கின்றன. நான்காவதாக வரும் மிலேச்சன் என்பதோ பிறப்பால் விலக்கப்பட்டவனுக்கான சொல். அறிவில்லாதவனையும் வெளியே நிறுத்தப்பட்டவனையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கிற பழக்கம் சிரிப்போடு சிரிப்பாக நமக்குள் இறங்கியிருக்கிறது.

1840இல் நாகர்கோவிலிலிருந்து வந்த பாலதீபிகை தமிழின் முதல் சிறார் இதழாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 1947 ஜூலையில் அம்புலிமாமா வந்தது. 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைத்தார். குழந்தைக்கென்று எழுதுவது தனிக் கலை, அதற்கென்று தனி உழைப்பு வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை நிறுவியது. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் வாழ்ந்த குழந்தை யார்? ராமுவும் சோமுவும். வீட்டில் ஊஞ்சலும் பாட்டியும் உண்டு. சாப்பிட லட்டும் பால்சோறும் உண்டு. வேலை என்று ஒன்று அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. படங்களில் இளவரசி சிவப்பு, அரக்கன் கறுப்பு. சாதி என்ற சொல்லே வராததால் அது சாதியற்ற உலகம் என்று நம்பினோம். சாதிப் பெயர் சொல்லாமலே ஒரு தெருவை மட்டும் காட்ட முடியும் என்பதை நாம் கவனிக்கவில்லை.

இதற்கு எதிரான வாசிப்பும் நம்மிடம் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளின் முதல் பாடம் ஔவையின் ஆத்திசூடி. அதையும் கொன்றைவேந்தனையும் பௌத்த அறநூல்களாக எடுத்து உரை எழுதினார் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கியவர், பிள்ளைகளின் பாடத்திலேயே கைவைத்தார் என்பது தற்செயல் இல்லை. ஒரு சமூகத்தின் முதல் வாசகம் யாருடையது என்பதுதான் அவருடைய கேள்வி.

ஒரே மலையில் இரண்டு பிள்ளைப் பருவங்கள்

அயோத்திதாசர் பிறந்த அதே 1845இல்தான் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தங்கள் குடும்பங்களைக் கொண்டுபோகின்றன என்ற அச்சமே அவர்களை மலையேற்றியது. 1863இல் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளார்க் பள்ளி தொடங்கியது. அதுவே இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

அந்தப் பிள்ளைகள் எப்படி மலைக்கு வந்தார்கள்? 1910களின் நடுவில் மலைச்சாலை திறக்கும்வரை, பெரியகுளத்துக்கு மேலே அடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றைப் பாதை. பெண்களையும் பிள்ளைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் உட்காரவைத்துக் கூலிகள் தோளில் சுமந்தார்கள். மலைவாசத்தலம் பற்றிய ஆங்கில நினைவுக் குறிப்புகளில் இந்தப் பயணம் ஒரு சாகசமாக வரும். டோலிக்குள் இருந்த குழந்தையின் கண்ணால் பார்த்த கதை அது. டோலியைத் தூக்கியவரின் பிள்ளை கண்ணால் அதே பாதையைப் பார்த்து ஒரு கதை இன்னும் நமக்கு எழுதப்படவில்லை. அப்பா எப்போது திரும்புவார், தோளில் எங்கே காய்த்துப்போயிருக்கிறது, சுமந்த பிள்ளை என்ன பேசியது என்று அந்தப் பிள்ளைக்கும் சொல்ல இருந்திருக்கும்.

இந்த மலை வெறும் மலையாக இருந்த காலமும் இல்லை. செண்பகனூர் சேசு சபையினர் ஆய்ந்த கல்திட்டைகள் இங்கே மனிதர் வாழ்ந்த பழமையைச் சொல்கின்றன. 1868இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கையேட்டில் ஜே. எச். நெல்சன், மலையின் புலையர் சமூகம் நிலமுடைய குன்னுவர்களுக்கு அடிமைப்பட்டிருந்ததைப் பதிவுசெய்கிறார். தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று மலைப்புலையர்கள் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப்பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் பல இந்த மலைக்கு வந்து காட்டு வேலைகளிலும் தோட்ட வேலைகளிலும் சிக்கின. ஆக இந்த மலையின் ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு இடப்பெயர்வுக் கதை.

பளியர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1960களில் அவர்களோடு வாழ்ந்து ஆய்ந்த மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், பளியர் வாழ்வின் அடிப்படை ஒருவரையொருவர் மதிப்பது, அடக்கி ஆளாமலிருப்பது, போட்டியைத் தவிர்ப்பது என்று எழுதுகிறார். பிள்ளைகளுக்கும் அந்த மதிப்பு உண்டு. அடித்து வளர்ப்பது அங்கே வழக்கமில்லை. இப்படி வளர்ந்த பிள்ளையிடம், கீழ்ப்படிந்தால் பரிசு, மீறினால் தண்டனை என்று முடியும் நீதிக்கதையைக் கொடுத்தால் அவளுக்கு அதில் என்ன புரியும்? 'நாகரிகம்' கற்றுக்கொடுப்பதாக நாம் நினைக்கும் கதையில் அவள் முதல்முறையாக வன்முறையைப் படிக்கிறாள்.

நம் எழுத்தில் இருக்கும் குழந்தை

தலித் இலக்கியத்தில் குழந்தை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாமாவின் கருக்கு (1992), ராஜ் கௌதமனின் சிலுவைராஜ் சரித்திரம் (2002), கே. ஏ. குணசேகரனின் வடு (2005) ஆகிய மூன்றிலும் பள்ளிக்கூடமும் பிள்ளைப் பருவமும்தான் உயிர்நிலை. ஆனால் இவை பெரியவர்கள் படிக்க எழுதியவை. குழந்தையைப் பற்றி ஏராளமாக எழுதிய நாம், குழந்தைக்காக மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். நம் காயத்தின் சாட்சியாகக் குழந்தையைக் கூப்பிட்டோம், வாசகராகக் கூப்பிடவில்லை.

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தீண்டாமை என்றால் என்னவென்று வெளிநாட்டவருக்கு விளங்கவைக்க எழுதியது. அதன் முதல் நிகழ்ச்சி 1901இல் நடக்கிறது. ஒன்பது வயதுப் பீமராவும் உடன்வந்த பிள்ளைகளும் கோரேகானில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். அம்பேத்கர் கதையை அவமானத்திலிருந்து தொடங்கவில்லை. புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி என்று பயண மகிழ்ச்சியிலிருந்து தொடங்குகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபின்தான், யார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரர் ஓட்ட மறுத்துக் கூடவே நடக்கிறார். பிள்ளைகளே வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது. கையில் சாப்பாடு இருந்தும் தண்ணீர் கிடைக்காமல் இரவு கழிகிறது. ஒரு பயணக் கதைக்கு வேண்டிய அனைத்தும் இதில் உண்டு. அந்தப் புதுத் தொப்பி இல்லாவிட்டால் அந்தத் தாகம் நமக்கு இவ்வளவு சுடாது.

பாமாவிடமும் இதே பாடம். பத்து நிமிடத்தில் வீடு சேர வேண்டிய சிறுமி, தெருவில் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நெடுநேரம் கழித்து வருகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிப்போவதைப் பார்க்கிறாள். முதலில் சிரிப்பு வருகிறது. அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் காரணத்தைச் சொன்னபிறகு அந்தச் சிரிப்பு கோபமாகிறது. வேடிக்கை பார்க்கும் பிள்ளை, வேடிக்கையான ஒரு காட்சி, மனதில் எழும் கேள்வி, பொய் சொல்லாத ஒரு பெரியவர்: நல்ல சிறார் கதைக்கு இந்த நான்கும் போதும். இந்தப் பகுதி இன்று 12ஆம் வகுப்பு மத்திய ஆங்கிலப் பாடநூலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 17 வயதில் படிக்கக் கிடைப்பது, தமிழில் பத்து வயதில் கிடைத்திருக்க வேண்டாமா?

எழுதும்போது எழும் சிக்கல்கள்

இருளர் சிறுவனை நடுவில் வைத்து ஸாய் விட்டேகர் எழுதி, சென்னையின் துளிகா வெளியிட்ட படக்கதை ஒன்று உண்டு. பள்ளியில் காளியிடம் யாரும் நெருங்குவதில்லை. அவன் அப்பா பாம்பு பிடிப்பவர், அவன் தின்பது வறுத்த கறையான். ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு நுழைகிறது. காளி அதைப் பிடிக்கிறான், எல்லோருக்கும் நாயகனாகிறான். அன்போடு எழுதப்பட்ட கதை. விளிம்பில் நின்ற பிள்ளையை அட்டைப்படத்துக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பாம்பு வராமல் போயிருந்தால்? நம் பிள்ளை மற்றவர்களுக்குப் பயன்பட்டால்தான் பக்கத்தில் உட்கார முடியுமா? கறையான் தின்கிற சாதாரணப் பிள்ளையாகவே அவன் நட்புக்குத் தகுதியானவன் என்று முடிகிற கதையை எழுதுவது கடினம். அந்தக் கடினத்தைத்தான் நாம் ஏற்க வேண்டும்.

பக்கத்து மாநிலத்தில் வழி திறந்திருக்கிறார்கள். ஐதராபாத் அன்வேஷி அமைப்பு 2008இல் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு சிறார் நூல் வரிசை கொண்டுவந்தது. அதில் கோகு சியாமளாவின் கதையில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் தலித் சிறுமி, தன்மீது கைவைக்க வரும் நிலக்காரனை எதிர்த்து மீள்கிறாள். அவளுக்குக் கிடைக்கும் பெயர் தாடகை. புராணத்தில் கொல்லப்பட்டவள் இங்கே வெல்கிறாள். 2007இல் காஞ்சா அய்லய்யா, துர்காபாய் வியாமின் ஓவியங்களோடு, மண்பாண்டம், தோல், நெசவு, வெளுப்பு என உழைப்பின் அறிவைப் பிள்ளைகளுக்கான நூலாக்கினார்.

தமிழில் விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு', பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் ஏறும் சாதிக்கயிற்றைப் பிள்ளைகளிடமே பேசியது. நாங்குநேரிக்குப்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, அந்த வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. அறிக்கை கயிற்றை அறுக்கலாம். கட்டிக்கொள்ளும் ஆசையை அறுக்கக் கதையால்தான் முடியும். அதனால் நம் கதை நம் பிள்ளைக்கு மட்டுமானதும் அல்ல. கயிறு கட்டிய பிள்ளையும் அதைக் கையில் எடுப்பான். அவனைத் திட்டினால் மூடிவைத்துவிடுவான். அவன் சிரித்து, பின் தன் மணிக்கட்டைத் தானே பார்க்கும்படி எழுதுவதில்தான் தொழில்திறன் இருக்கிறது.

மேல்மலை ஊர்களின் மாலைநேரப் படிப்பகங்களில் கதை வாசித்துக்காட்டும்போது நான் கவனித்ததையும் சொல்கிறேன். பிள்ளைகள் துயரத்துக்கு உடனே வாய்மூடிவிடுகிறார்கள். தங்களுக்குத் தெரிந்த வேலையோ தீனியோ கதையில் வந்தால் குறுக்கே பேசுகிறார்கள். பூண்டு உரிப்பதும், பீன்ஸ் பறிப்பதும், தெருவுக்குள் வரும் காட்டுமாடும், ஞாயிற்றுக்கிழமைக் கறியும், கருவாடும் அவர்களுக்குக் கதைக்குரிய பொருள்கள். குறுக்கே பேசுகிற இடத்தில்தான் அந்தப் பிள்ளை கதைக்குள் நுழைகிறது. நாம் எழுதியதைப் பிள்ளைகள்முன் வாசித்து, குறுக்குப்பேச்சு எழாத பக்கத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, களம் இப்போது காலியாக இல்லை. சாகித்திய அகாடமியின் சிறார் இலக்கிய விருது 2010இல் தொடங்கியபோது தமிழுக்கான முதல் விருது நம் திண்டுக்கல்லின் மா. கமலவேலனுக்குக் கிடைத்தது. 2025இல் அது விஷ்ணுபுரம் சரவணனை எட்டியிருக்கிறது. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறது. கதவு திறந்திருக்கும்போது நம் கதைகளோடு உள்ளே போக வேண்டியது நம் பொறுப்பு.

மாணவர்களுக்கு மூன்று வேலைகள் வைக்கிறேன். உங்கள் பாட்டி, தாத்தாவிடம் அவர்கள் பத்து வயதில் என்ன விளையாடினார்கள், என்ன தின்றார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவமானத்தை முதலில் கேட்காதீர்கள், அது தானாக வரும். நம் நூல்களிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க பகுதிகளை ஆசிரியர்களின் இசைவோடு பதினாறு பக்கப் படநூல்களாக்குங்கள். நம் ஊர்களில் படம் வரையும் பிள்ளைகளைத் தேடி, அரக்கனையும் இளவரசியையும் அவர்கள் விருப்பப்படி வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.

2018இல் இந்த மலையில் குறிஞ்சி பூத்தது. அந்த ஆண்டு மேல்மலையில் பிறந்த பெண்குழந்தைக்கு 2030இல், குறிஞ்சி மறுபடி பூக்கும்போது, பன்னிரண்டு வயது. கதைப்புத்தகம் படிக்கும் வயது அதோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அவளுக்கு நம்மிடம் உள்ள காலம் அவ்வளவுதான். எழுதத் தொடங்குவோம்.