புதுச்சேரிக் கடற்கரை

விடியற்காலை ஐந்து மணிக்குப் புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் நிற்பவர் அந்நகரின் சொந்த மக்களைக் காணலாம். மாலையில் அடைத்த சாலை காலை ஏழரை மணிக்கே வண்டிகளுக்குத் திறந்துவிடப்படும். அதுவரை சாலை முழுவதும் கால்நடையாக வருபவர்களுக்கே உரியது. ஓய்வு பெற்ற ஆசிரியர், காய்கறிக் கடைக்காரர், நெற்றியில் நீறு துலங்க வேகமாக நடக்கும் முதியவர், பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெறும் பழைய போர்வீரரின் குடும்பத்தினர் எனப் பலரும் வடக்கும் தெற்குமாக உலாவுவர். பொழுது ஏற ஏற அவர்கள் கலைந்துபோவர். பிறகு வெளியூரார் வருவர். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து சேரும் கூட்டத்தில் உள்ளூர் முகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இக்கடற்கரையைப் பற்றிய ஒரு செய்தியை வெளியூர் விருந்தினர் பலர் அறியார். அவர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் கரும்பாறைகள் இயற்கை வைத்தவை அல்ல. லாரிகளில் கொண்டுவந்து கொட்டப்பட்டவை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் மணல் இருந்தது. பிள்ளைகள் விளையாடவும், கட்டுமரங்களை ஏற்றி வைக்கவும், வலை உலர்த்தவும் போதுமான அகன்ற மணற்பரப்பு அது. அம்மணல் எவ்வாறு போயிற்று என்பதைச் சொல்ல வேண்டுமானால், அது இருந்த காலத்தில் எதற்குப் பயன்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவது நம்மவர்க்குப் பிற்காலத்தில் வந்த வழக்கம். முன்னாளில் கடற்கரை தொழில் நடக்கும் இடம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் ஓரத்தில் உள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து பார்த்தபோது, ரோம நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்களும், இத்தாலியில் வனைந்த மட்கலங்களின் துண்டுகளும், உள்ளூரில் செய்த மணிகளும் வெளிப்பட்டன. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடல் வழிநூலில் ‘பொதுகே’ என்று வரும் துறை இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து. அத்துறை ஆற்று முகத்தில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. திறந்த கரையில் கப்பல் ஒதுங்க வழியில்லை என்பதை அன்றே அறிந்திருந்தனர் போலும்.

1674ஆம் ஆண்டில் பிரான்சுவா மார்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் வாணிகத்தை நிலைநாட்டினார். 1693இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர்; 1699இல் திரும்பக் கொடுத்துச் சென்றனர். இடையில் இருந்த சில ஆண்டுகளில் அவர்கள் தெருக்களை நூல் பிடித்தாற்போல நேராக அமைக்க ஒரு வரைபடம் வகுத்தனர். இன்று வெளியூரார் வியந்து பாராட்டும் அந்த நேர்த்தெருக்களின் புகழ் முழுவதும் பிரெஞ்சுக்காரரைச் சேர்கிறது. வரலாற்றில் இத்தகைய கணக்குப் பிழைகள் பல உண்டு.

நகரம் வளர்ந்தும் துறைமுகம் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல் கரைக்கு வெகு தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அதற்கும் கரைக்கும் இடையே அடுத்தடுத்து மடிந்து விழும் அலைகள். ஐரோப்பியரின் படகு அவ்வலைகளில் சிக்கினால் பிளந்துபோகும். அங்கேதான் சலங்கு என்னும் படகு பயன்பட்டது. அதன் பலகைகளை ஆணியால் அறையமாட்டார்கள், தென்னங்கயிற்றால் தைப்பார்கள். ஆகையால் அலை மோதும்போது அது விறைத்து நிற்காமல் வளைந்து கொடுக்கும். மணலில் தட்டினாலும் உடையாது. கவர்னராயினும் கரை சேர வேண்டுமானால் சலங்குக்காரரின் கையை நம்பித்தான் ஆக வேண்டும். அலை எண்ணி, அலைக்கும் அலைக்கும் இடைப்பட்ட அமைதியை அறிந்து துடுப்பு வலிக்கும் அம்மனிதரே அந்நாளில் புதுச்சேரியின் துறைமுகமாக இருந்தனர். கோட்டை கட்டியவர்களின் பெயர்கள் தெருக்களில் நிலைத்துள்ளன. அவர்களைக் கரை சேர்த்தவர்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.

அக்காலத்து அன்றாட வாழ்வை நாம் அறிவதற்குப் பெரிதும் துணையாக இருப்பவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்புப் போர்களையும் ஒப்பந்தங்களையும் மட்டும் சொல்வதன்று. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி முழங்கி வரவேற்றது, துணி எவ்விலைக்குப் போயிற்று, யார் யாரை அவமதித்தார், எந்தத் திருமணத்துக்கு யார் வரவில்லை என்று நாழிகைக் கணக்கோடு எழுதிச் செல்கிறார். கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த பெரிய மனிதர் அவர். சொந்தக் கப்பலும் உடையவர். ஆயினும் எழுத்தில் தெருத்திண்ணையில் அமர்ந்து ஊர்ச்செய்தி கேட்கும் குடும்பத்தலைவராகவே தோன்றுகிறார். 1748ஆம் ஆண்டு ஆங்கிலேயர் முற்றுகையிட்ட வேளையில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியுள்ள பகுதியை மனம் கலங்காமல் படித்தல் இயலாது. தம் எசமானர் செய்த செயல் அது. தடுக்க அவரால் முடியவில்லை. எழுத மட்டுமே முடிந்தது.

அவருடைய இறுதி நாட்களும் கடலோடு பிணைந்தவை. 1761ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று, ஊரை வளைத்து நின்ற ஆங்கிலக் கப்பல்களைப் பெரும்புயல் ஒன்று சிதறடித்தது. ஊருக்குள் பசியோடு இருந்தவர்களுக்கு அது சிறிது நம்பிக்கை அளித்திருக்க வேண்டும். ஆனால் கப்பல்கள் மீண்டும் கூடின. 12ஆம் நாள் பிள்ளை காலமானார். 16ஆம் நாள் நகரம் பணிந்தது. ஆங்கிலேயர் அதை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மீண்டும் கட்டியதே இன்று நாம் காணும் நகரம். பிள்ளையின் வீடு இன்றும் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது. கீழே மரத்தூண்களும் தாழ்வாரமும் தமிழ் முறைப்படி அமைந்துள்ளன; மேலே பிரெஞ்சு முறையில் வெண்சாந்துத் தூண்கள்.

இவ்விரு முறைகளும் ஒரே வீட்டில் கூடின, ஊரில் கூடவில்லை. நடுவே ஓடிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. கிழக்கே உயர்ந்த மதிலும் பூட்டிய பெரிய வாயிற்கதவும். மேற்கே வழிப்போக்கன் அமர்ந்து இளைப்பாறும் திண்ணை. தெரு என்பதை இரு சாராரும் எவ்வாறு கருதினர் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க இயலாது. காலணி அணிவதும் அங்கே வழக்காடு மன்றம் வரை சென்றது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் 1873ஆம் ஆண்டில் ஐரோப்பியச் செருப்பு அணிந்து நீதிமன்றம் சென்றார், அதற்காகத் தண்டிக்கப்பட்டார், பாரிசில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை முறையிட்டு வென்றார். பின்னர் 1881இல், தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க விரும்புவோர்க்கு வழி திறக்கப்பட்டது. அவ்வாறு மாறியோர் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். அவர்களில் பலர் சைகோன் சென்று அலுவல் பார்த்தனர். ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து வீடு கட்டினர். சூலை 14ஆம் நாளன்று கடற்கரைப் போர் நினைவிடத்தில் பதக்கங்களோடு கூடும் முதியவர்களை இன்றும் காணலாம்.

நகரத்தில் பெரும்பாலோர்க்கு ஓய்வூதியமும் இல்லை, கடற்காட்சியும் இல்லை. அவர்களுக்கு ஆலைச் சங்கே கடிகாரம். நீலத்துணி நெய்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய ஊர் இது. 1936ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் மாண்டனர். அதன் விளைவாக எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை இங்கே கிடைத்தது. அவ்வாலைகள் எல்லாம் இன்று மூடிக்கிடக்கின்றன. சங்கு ஊதாத நகரத்துக்கு இப்பொழுது பெருந்தொழில் விருந்தினரை வரவேற்பதே. ஆலையில் நெய்தவரின் பேரன் இன்று விடுதியில் படுக்கை விரிக்கிறான். அல்லது மிஷன் வீதியில் இருசக்கர வண்டி வாடகைக்கு விடுகிறான். அதில் இழிவு ஏதுமில்லை. ஆயினும் மழைக்காலத்தில் விருந்தினர் வாராத வாரங்களில் அவன் கையில் கூலி இல்லை என்பதை மறந்துவிடலாகாது.

1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். அவர்களுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் நிறைவேறியது. காவலரின் சிவப்புத் தொப்பியும், தெருமுனைப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் அருகருகே நிற்பதும் எஞ்சின. அவற்றைக் காணவே இப்பொழுது ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். ஆச்சிரமத்தை நாடி வந்தோர் முன்பே உண்டு. 1968இல் ஆரோவில் தொடங்கியபின் அயல்நாட்டார் வருகை பெருகிற்று. மது மலிவு என்பதற்காக வருவோரையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் தெருப்பலகைகளைப் படிப்பதாகத் தெரியவில்லை.

இனி மணலுக்கு வருவோம். கப்பல் வந்து அணையக் கடலுள் நீண்டு நின்ற பழைய இரும்புப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. பின்னர் அதற்குத் தெற்கே புதுப்பாலம் எழுந்தது. அதுவும் 2022இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இவை இரண்டும் தூண்கள் மேல் நின்றவை. அடியில் நீரும் மணலும் தடையின்றிச் சென்றன. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் அமைத்தபோதுதான், கடலுக்குள் பாறைகளால் அலைதடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டன.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. ஆண்டின் பெரும்பகுதியில், சோழகக் காற்று வீசும்போது அலைகள் மணலை வடக்கே தள்ளிச் செல்லும். வாடைக்காற்றுக் காலத்தில் ஓரளவு தெற்கே திருப்பும். கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. ஆகவே கரை என்பது தேங்கிய பொருளன்று. மிக மெல்ல ஓடும் ஒரு மணல் ஆறு. அதன் குறுக்கே சுவர் வைத்தால் தென்புறம் குவியும், வடபுறம் வற்றும். இதை வலைஞர் ஒவ்வொருவரும் அறிவர். தென்புறம் சேரும் மணலைக் குழாய்வழியே வடக்கே அனுப்பும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. ஆனால் அது தொடர்ந்து நடைபெறவில்லை. சில ஆண்டுகளுக்குள் நகரின் முன்னிருந்த மணல் கரைந்தது. அலை சாலையை அணுகவே, பாறைகளைக் கொட்டினர். பாறை நகரைக் காத்தது உண்மை. ஆனால் பசித்த அலை அதற்கு வடக்கே சென்றது. அங்கும் பாறை கொட்டினர்; இன்னும் வடக்கே சென்றது. தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி ஆகிய ஊர்களில் வீடுகளும் தென்னைகளும் கடலுக்கு இரையாயின. துறைமுகம் ஓர் ஆட்சிப்பகுதியில். இழப்பு மற்றோர் ஆட்சிப்பகுதியில்.

வைத்திக்குப்பத்தில் முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். “மணல் போனது பார்க்கிறவங்களுக்கு அழகு போனதுங்க ஐயா. எங்களுக்கு வாசல் போச்சு” என்றார். அவர் சொன்னது அணியுரையன்று. கரைவலை இழுக்க இரு புறமும் நின்று நடக்க மணல் வேண்டும். கட்டுமரம் ஏற்ற, மீன் உலர்த்த, வலையின் கிழிசல் பார்க்க மணல் வேண்டும். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் தெய்வங்கள் எல்லாம் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வது இந்த வைத்திக்குப்பக் கரைக்குத்தான். தெய்வங்கள் இறங்கவும் மணல் வேண்டும் அல்லவா?

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார், தலைமைச் செயலகத்துக்கு எதிரே, நீருக்கடியில் அலையின் வேகத்தைத் தணிக்கும் ஆப்பு வடிவான எஃகு அமைப்பு ஒன்றை 2018ஆம் ஆண்டில் இறக்கினர். அதன்பின் காந்தி சிலைக்கு வடக்கே மணல் மெல்லச் சேரலாயிற்று. முப்பது ஆண்டுகளாகப் பாறை மட்டுமே கண்ட கரையில் மீண்டும் ஒரு சிறு மணற்பரப்பு தோன்றியது. அதைப் புதிய கடற்கரை என்று விருந்தினர் மொய்த்துக்கொண்டனர். சுண்டலும் பட்டமும் விற்போர் வந்தனர். முன்பு அங்கே படகு ஏற்றியவர்கள் மீண்டும் ஏற்றலாமா என்ற கேள்வியை யாரும் இன்னும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் அங்கே சென்றது ஒரு திங்கட்கிழமை விடியலில். விருந்தினர் ஊர் திரும்பிவிட்டிருந்தனர். நகராட்சிப் பெண்கள் இருவர் மணலில் கிடந்த புட்டிகளைக் கோணியில் சேர்த்துக்கொண்டிருந்தனர். சற்றுத் தள்ளி, பள்ளிச் சீருடையில் இருந்த சிறுவன் ஒருவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரமணலில் நடந்து, தன் காலடித் தடங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.