பூப்போட்ட காகிதத்தில் ஒரு நகரத்தின் வீழ்ச்சி

1863 மே மாதம், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த விக்ஸ்பர்க் நகரை ஜெனரல் கிரான்ட்டின் வடமாநிலப் படை சுற்றி வளைத்தது. ஊருக்குள் எதுவும் வந்து சேரவில்லை. சோறு குறைந்தது; காகிதமும் தீர்ந்தது. 'டெய்லி சிட்டிசன்' பத்திரிகையை நடத்திய ஜே. எம். ஸோர்ட்ஸ், சுவரில் ஒட்டுவதற்கான பூப்போட்ட வால்பேப்பரை எடுத்து, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் அச்சடித்தார். ஒரே பக்கம், நான்கு பத்திகள்.

ஜூலை 2ஆம் தேதி இதழில் கோவேறு கழுதைக் கறி இனிப்பாகவும் மிருதுவாகவும் இருக்கிறது என்று ஒரு செய்தி. அந்த ஊரின் பசி அதிலேயே தெரிகிறது. இன்னொரு மூலையில், ஜூலை 4 சுதந்திர தினத்தன்று விக்ஸ்பர்க்கில் விருந்துண்ண நினைக்கும் கிரான்ட் முதலில் முயலை, அதாவது ஊரை, பிடிக்கட்டும் என்று ஒரு சீண்டல்.

சொல்லிவைத்தாற்போல் ஜூலை 4 அன்றே, 47 நாள் முற்றுகைக்குப் பின், நகரம் சரணடைந்தது. ஸோர்ட்ஸ் தப்பிவிட்டார். அச்சகத்துக்குள் நுழைந்த வடமாநில வீரர்கள், அந்த இதழுக்குக் கோத்த எழுத்துகள் கலையாமல் அப்படியே நிற்பதைக் கண்டார்கள். கடைசிப் பத்தியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ஏற்கெனவே கோத்துக் கிடந்த வேறு செய்திகளை வைத்து, தங்கள் குறிப்பொன்றையும் சேர்த்து அச்சடித்தார்கள்: கிரான்ட் முயலைப் பிடித்துவிட்டார், விருந்தையும் கையோடு கொண்டுவந்தார், இதுவே கடைசி வால்பேப்பர் இதழ், பிற்காலத்தில் இதற்கு மதிப்பு வரும்.

எதிரியின் சீண்டலை அவர்கள் அழிக்கவில்லை என்பதுதான் என்னை நெகிழவைக்கிறது. எழுத்துகளைத் தட்டிக் கொட்டியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அப்படிச் செய்யாததால், தோற்றவர் குரலும் வென்றவர் குரலும் ஒரே தாளில் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அவர்கள் கணித்தபடியே மதிப்பு வந்தது. பின்னாளில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை நகல்கள் அச்சாயின. பழைய பெட்டிகளிலிருந்து இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்த நகல்களே. பின்பக்கப் பூவை நம்பவும் முடியாது. நகல்களும் வால்பேப்பரில் வந்திருக்கின்றன. அதனால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அசல் இதழின் அடையாளங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அச்சுப் பரப்பின் அகலம் 9⅛ அங்குலம், நீளம் 16⅞ அங்குலம் இருக்க வேண்டும். பிழைகளும் துப்புத் தருகின்றன. வீரர்கள் முதலில் அடித்த சில தாள்களில் பத்திரிகையின் பெயரிலேயே எழுத்துகள் முன்பின்னாக விழுந்திருந்தன. பார்த்ததும் அதை மட்டும் திருத்தினார்கள். மற்ற பிழைகளை அப்படியே விட்டுவிட்டு அச்சைத் தொடர்ந்தார்கள்.