அமெரிக்க வெள்ளிக் கரண்டியின் வரலாறு

பழம்பொருள்களைத் தேடித் திரட்டுவோர் எல்லா நாட்டிலும் உளர். ஏட்டுச் சுவடி திரட்டுவாரும் பழங்காசு திரட்டுவாரும் நம்மிடையேயும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, முன்னோர் உணவு மேசையில் வைத்து வழங்கிய வெள்ளிக் கரண்டிகளையும் முட்கரண்டிகளையும் கத்திகளையும் தேடித் திரட்டுதலை ஒரு கல்விபோல் மேற்கொண்டவர் பலர். கரண்டியில் என்ன சரித்திரம் இருக்கக்கூடும் என்று எம் மாணாக்கருள் ஒருவன் வினவினான். அன்று அவனுக்குச் சுருங்கக் கூறிய விடையையே ஈண்டுச் சிறிது விரித்து, நம் சங்க அன்பர்கள் முன் வைக்கின்றோம். பழைய வெள்ளி ஒரு துண்டேனும் இல்லாத வீடு நம்முள் அரிதாதலின், இச்செய்தி நமக்கு முற்றிலும் அயலானதன்று.

அந்நாட்டில் வெள்ளிக் கரண்டி முதற்கண் கரண்டியன்று, அது பணம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில், இங்கிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட குடியேற்ற நாடுகளாய் அவர்கள் இருந்த காலத்தில், பொதுமக்கள் பணத்தை வைத்துக் காக்கும் பாங்குகள் ஆங்கு இல்லை. வணிகத்தின் வழியாய் வந்து சேர்ந்த ஸ்பானிய வெள்ளி நாணயங்களே பெரும்பாலும் கையிருப்பு. நாணயமோ ஒன்றுபோல் ஒன்றிருப்பது. களவு போயின் இஃது இன்னார் உடைமையென நிறுவ வழியில்லை. ஆதலின் வசதியுடையார் நாணயங்களைத் தட்டாரிடம் கொண்டுபோய் நிறுத்துக் கொடுப்பர். தட்டார் அவற்றை மூசையிலிட்டு உருக்கிக் கரண்டியாகவும் குவளையாகவும் அடித்து, உடையவர் பெயரின் முதலெழுத்துக்களை வெட்டி, தம் முத்திரையையும் குத்தித் தருவர். பணமுடை நேர்ந்தால் அக்கரண்டியே மீண்டும் மூசைக்குப் போகும். கள்வர் கொண்டு சென்றாலோ, இன்ன எழுத்து வெட்டிய இத்தனை கரண்டி என்று பத்திரிகையில் விளம்பரம் செய்வர். எழுத்தே சாட்சி, முத்திரையே காவல்.

அக்காலத் தட்டார்களுள் உலகறிந்தவர் பாஸ்டன் நகரத்துப் பால் ரிவியர். 1775 ஏப்ரல் 18 இரவில், ஆங்கிலப் படை வருகின்றதென்று குதிரையேறிச் சென்று ஊரூராய் அறிவித்தவர் என்றே பலரும் அவரை அறிவர். தொழிலால் அவர் வெள்ளி வேலைக்காரர். தம் பெயரை ஒரு நீண்ட கட்டத்துள் குத்தி அவர் விட்ட கரண்டிகள் இன்றும் காட்சிசாலைகளில் உள. 1768இல் அவர் ஒரு கிண்ணமும் செய்தார். மாசச்சூசெட்ஸ் சபை அனுப்பிய கடிதம் ஒன்றைத் திரும்பப் பெறுமாறு பிறந்த அரசாணைக்கு இணங்காத சபையினர் 92 பேரைப் போற்றி அஃது ஆக்கப்பட்டது. 1949இல் பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலை அதனை விலைக்கு வாங்கியபொழுது, அந்நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஈந்த காசும் அவ்விலையில் சேர்ந்திருந்தது. உபாத்திமைத் தொழிலில் இருக்கும் எமக்கு, அரசரை எதிர்த்த செய்தியினும் பிள்ளைகள் காசு சேர்த்த செய்தியே பெரிதாய்த் தோன்றுகின்றது.

நாணயத்தை உருக்கிச் செய்தமையின் அப்பழங் கரண்டிகளுக்கு நாணய வெள்ளி என்பதே பெயர். 1837 முதல் அந்நாட்டு நாணயத்தின் மாற்று ஆயிரத்துக்கு 900 பங்கு. இங்கிலாந்தில் வெள்ளியை உரைத்துப் பார்த்துச் சிங்க முத்திரை இடுதற்கு நெடுங்காலமாகவே சோதனைச் சாலைகள் இருந்தன. அமெரிக்காவில் 1814 முதல் 1830 வரை பால்டிமோர் நகரில் அத்தகைய சாலை ஒன்று நடந்ததன்றி வேறில்லை. தட்டாரின் பெயரும் அவருடைய நாணயமுமே மாற்றுக்குப் பிணை. நாணயம் என்ற நம் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறித்தல் இவ்விடத்து எவ்வளவு பொருத்தமாயிற்று!

ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியும் எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்புமாய் அமைவது ஸ்டெர்லிங் மாற்று. இவ்வாங்கில வழக்கை நியூயார்க்கின் டிபனி கம்பெனியார் 1851இலும், பிராவிடன்ஸ் நகரத்துக் கோரம் கம்பெனியார் 1868இலும் மேற்கொண்டனர். கோரம் முத்திரையில் சிங்கமும் நங்கூரமும் ஆங்கில ஜி எழுத்தும் நிற்கும். பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரையைப் பெரிதும் ஒத்திருத்தலின், புதிதாய்த் திரட்டத் தொடங்குவார் அதனை இங்கிலாந்துப் பொருளென மயங்குவதுண்டு. மாற்றைக் குறித்துப் பொய் முத்திரை இடுவதைக் குற்றமாக்கி நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது 1906இல்தான்.

இதற்கிடையில் தொழிலே மாறிவிட்டது. 1842இல் அயல்நாட்டு வெள்ளிச் சாமான்மீது விதித்த சுங்கவரி உள்நாட்டு வேலைக்கு அரணாயிற்று. ஜான் கோரம் என்பார் 1852இல் இங்கிலாந்துக்குச் சென்று, நீராவியால் இயங்கும் அச்சடிப்பு யந்திரத்துக்கு ஏற்பாடு செய்து திரும்பினார். சுத்தியலால் ஒவ்வொன்றாய் அடித்த கரண்டி போய், தகட்டிலிருந்து வெட்டி, எஃகு அச்சில் ஒரே அடியில் இருபுறமும் பூவேலை பதியும் கரண்டி வந்தது. கையால் அடித்ததுதான் கலை, யந்திரத்தில் பிறந்தது கலையன்று என்பாரோடு யாம் உடன்படோம். அவ்வெஃகு அச்சை வெட்டியதும் ஒரு மனிதன் கையே.

1859இல் நெவாடா நாட்டுக் காம்ஸ்டாக் மலையில் வெள்ளி மிகுதியாய் அகப்பட்டது. அதனால் பெருஞ்செல்வரானவருள் ஒருவர் ஜான் மக்கே. அயர்லாந்தில் 1831இல் வறுமையிற் பிறந்து, கையால் மண் வெட்டிப் பிழைத்தவர். அவர் மணந்த மேரி லூயிஸ் என்னும் அம்மையார், முதற் கணவரை இழந்து, அச்சுரங்கத்தூரிலேயே துணி தைத்து வயிறு வளர்த்தவர். மக்கே தம் சுரங்கத்து வெள்ளியை அரை டன் அளவு டிபனி கம்பெனியாருக்கு அனுப்பி, 24 பேர் உண்ணுதற்குரிய சாமான்களைச் செய்வித்தார். 1878இல் முடிந்த அத்தொகுதியில் 1,250 உருப்படிகள். ஏறத்தாழ 200 வேலைக்காரர் இரண்டாண்டு உழைத்தனர் என்பர். அவ்வாண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அதனைக் கண்டோர் வியந்தனர். ஊசி பிடித்த கைக்கு 1,250 வெள்ளிச் சாமான் என்றால், அஃது உண்ணுதற்கோ, ஊரார் பழைய வாயை அடைத்தற்கோ என்று யாம் ஐயுறுகின்றோம்.

1873க்கு முன் அவுன்ஸ் ஒன்று ஏறத்தாழ 1 டாலர் 30 செண்டு விற்ற வெள்ளி, 1890களின் நடுவில் அதிற் பாதிவிலைக்கு இறங்கிற்று. நடுத்தரக் குடும்பத்தாரும் மேசைக்கு வெள்ளி வாங்கலாயினர். அன்றியும், எல்லாக் கறியையும் ஒருங்கே பரப்பிவைக்கும் பழைய முறை நீங்கி, ஒன்றன்பின் ஒன்றாய்ப் பரிமாறும் ருஷிய முறை பரவியது. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒவ்வொரு கருவி வேண்டுமென்ற எண்ணத்தை வணிகர் நன்கு வளர்த்தனர். சிப்பி உண்ண ஒரு முள், ஆமையிறைச்சிக்கு வேறொரு முள், மத்தி மீனை எடுக்க மற்றொன்று. ஒலிவக்காய்க்குத் துளையிட்ட கரண்டி. உருளைக்கிழங்கு வறுவலை அள்ளுதற்கு அகன்ற கரண்டி. மீசை நனையாதபடி தடுப்பு வைத்த கரண்டியும் உண்டு! ஐஸ்கிரீமுக்கு முள்ளும் குழியும் கலந்த ஓர் உரு. ஐஸ்கட்டி எடுக்கவும் தனிக் கரண்டி செய்தனர். அந்நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டி நம் சென்னைக்கும் கப்பலில் வந்ததை அன்பர்கள் கேட்டிருக்கலாம். 1842ஆம் ஆண்டளவில் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் அதற்கெனக் கட்டியதே. இன்று அது விவேகானந்தர் இல்லம். ஐந்து விரலே போதுமென்றிருந்த நமக்கு இவை வேடிக்கையாய்த் தோன்றும். ஆயினும் ஒரே பூவேலை மாதிரியில் நூற்றுக்கு மேற்பட்ட வகைக் கருவிகள் செய்து விற்ற காலம் அது. பிற்காலத்தில் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர் 1920களில் வாணிப மந்திரியாய் இருந்தபொழுது, ஒரு மாதிரிக்கு 55 வகைக்கு மேல் வேண்டாவென்று வரையறை செய்யும் அளவுக்கு அது போயிற்று.

இன்று திரட்டுவோர்க்கு அம்மாதிரிகளே வழிகாட்டி. கோரம் கம்பெனியாரின் சாண்டிலி 1895இல் வந்தது. ரீட் அண்ட் பார்ட்டன் கம்பெனியாரின் முதலாம் பிரான்சிஸ், கனிக்கொத்துக்கள் செறிந்தது, 1907இல் வந்தது. தாய்வழி வந்த மாதிரியில் குறைந்துபோன இரண்டு முள்ளைத் தேடிப் பத்தாண்டு அலைவாரும் உளர். அவர்கள் கற்றுக்கொள்ளும் நுட்பங்கள் சுவையானவை. 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ் என்ற முத்திரையைக் கண்டு, 1847இல் செய்த வெள்ளியென்று மகிழ்வார் ஏமாறுவர். அது முலாம் பூசிய சாமானின் வியாபாரப் பெயர். கத்திப்பிடியின் உள்ளே பெரும்பாலும் வெள்ளியில்லை. மேலே மெல்லிய தகடு, உள்ளே சாந்து போன்ற நிரப்புப் பொருள். ஆதலின் கத்தியை நிறுத்து விலை பேசுதல் பேதைமை. வலக்கையால் பன்னாள் உண்ட கரண்டியின் நுனி இடப்புறம் தேய்ந்திருக்கும். அத்தேய்வைக் காணுந்தோறும், உண்டவர் ஒருவர் இருந்தார் என்பது மனத்திற் படும்.

எல்லாவற்றினும் எம் கருத்தைக் கவர்வது பெயரெழுத்து. மணமகளுக்குத் தரும் வெள்ளியில் அவள் பிறந்த வீட்டுப் பெயரின் முதலெழுத்துக்களை வெட்டுதல் அவர்களிடை வழக்கமாயிருந்தது. நம் பெண்டிர் சீர்ப்பாத்திரத்தில் பெயர் வெட்டுதலை இது நினைப்பூட்டும். அயலார் பெயர் இருந்தால் வாங்குவோர் விரும்பாரென்று, வணிகர் பலர் அவ்வெழுத்துக்களைத் தேய்த்து அழித்தனர். அழித்த இடத்தில் வெள்ளி மெலிந்து, ஒளி வளைந்து தோன்றும். வாயால் ஊதினால் ஆவி படியும்பொழுது மறைந்த எழுத்தின் சாயல் தெரிதலும் உண்டு. இப்பொழுது தேர்ந்தவர் பலர் எழுத்துள்ளதையே நன்மதிப்போடு வாங்குகின்றனர்.

ஆயினும் மூசை ஓய்ந்திருக்கவில்லை. 1918இல், முதல் உலகப் போரின்போது, நம் நாட்டில் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்போர் பெருகினர். அரசாங்கத்தாரிடம் வெள்ளி போதவில்லை. பிட்மன் சட்டம் என்பதன்கீழ் அமெரிக்கர் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, அவற்றிற் பெரும்பங்கை இந்திய நாணயத்துக்காக ஆங்கிலேயருக்கு விற்றனர். நம் பாட்டன்மார் இடுப்பில் முடிந்திருந்த ரூபாயில் அந்த டாலரும் கலந்திருக்கலாம். அது நாணயம், உருக்கினும் மீண்டும் நாணயமாயிற்று. கரண்டியின் கதி வேறு. டெக்ஸாஸ் நாட்டு ஹண்ட் சகோதரர் வெள்ளியை வாங்கிக் குவித்தமையால், 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்த விலை 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. வீட்டு வெள்ளியைக் கூடைகூடையாய்க் கொண்டுவந்து எடைக்குப் போட்டனர். நூறாண்டுப் பழமையான சாமான்களும் பார்ப்பாரின்றி உருகிப்போயின. அவ்வாண்டு மார்ச் 27இல் விலை 11 டாலருக்குக் கீழே வீழ்ந்தது. விலை வீழ்ந்தது, உருகியது மீளவில்லை.

இதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூற எமக்குத் தகுதியில்லை. எம் பாட்டியார் பெயர் வெட்டிய வெள்ளிச் சந்தனக் கிண்ணம் ஒன்று எம் இல்லத்தில் இருந்தது. தமக்கையார் மகளின் மணத்துக்குக் கொலுசு வாங்கவேண்டி, யாமே அதனைக் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் பெயரை நோக்கவில்லை. தராசு முள்ளை நோக்கினார். யாமும் அன்று முள்ளையே நோக்கினோம். பாட்டியாரின் கையெழுத்து எம்மிடம் இல்லை, படமும் இல்லை. அவர் பெயர் எழுதிய பொருள் அஃதொன்றே.

1824இல் தோன்றிய மரபினரான ரீட் அண்ட் பார்ட்டன் கம்பெனியார் 2015இல் திவாலாயினர். இளையோர் பலர் துலக்க நேரமில்லையென்று பாட்டிமார் வெள்ளியை வேண்டாவென்கின்றனர். 2025 அக்டோபரில் வெள்ளி விலை மீண்டும் 50 டாலரைக் கடந்தது. எடைக்குப் போடுவார் தொகையும் உடன் பெருகும். திரட்டுவோர் செய்வதெல்லாம், உருக்குவோன் கொடுக்கும் விலைக்குச் சற்று மேலே கொடுத்து, கூடையிலிருந்து சிலவற்றை விலக்கிக் கொள்வதே. கனத்த தட்டும் கூஜாவும் முதலிற் போய்விடுகின்றன. நாணயத்தை உருக்கி அடித்த அப்பழைய தேநீர்க் கரண்டியோ மிக மெல்லியது. பலவற்றின் நிறை அவுன்ஸில் பாதிதான் தேறும். உருக்கினால் பெரிதாய் ஒன்றும் தேறாது என்று விட்டுவிட்டார்கள் போலும். 200 ஆண்டு கழிந்தும், தேய்ந்த நுனியோடும் இரண்டு மூன்று எழுத்தோடும், அவை பழம்பொருட் கடைகளில் இன்னும் அகப்படுகின்றன.