காயிலின் சூடும் ஓம் அளவும்

மின்மோட்டாரின் காயிலுக்குள் எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்பது அதன் மேலுறையைத் தொட்டால் தெரியாது. உள்ளே செம்புக் கம்பி அதைவிடப் பல பாகை (செல்சியஸ்) கூடுதலாகக் காய்ந்திருக்கும்.

கொங்கு நாட்டில் இது பிழைப்பைத் தொட்ட கேள்வி. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தின் ஆலைகளும் கிணறுகளும் மின்சாரத்துக்கு மாறின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே செய்த மோட்டார்தான் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் எனக் கருதப்படுகிறது. அதைத் தொடர்ந்து பம்புசெட் தொழிலும், கருகிய காயிலை மாற்றும் வைண்டிங் பட்டறைகளும் பெருகின. சூடு 10 பாகை கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. எனவே சூட்டை அளப்பது வீண் வேலையல்ல.

அதற்குச் செம்பே வழி தருகிறது. பாகைக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு அதன் மின்தடை உயரும். குளிர்ந்த நிலையில் 30 பாகையில் 4 ஓம் காட்டிய காயில், ஓடி நின்றதும் 5 ஓம் காட்டினால், 30உடன் செம்புக்குரிய மாறிலியான 234.5ஐக் கூட்டி, 5/4ஆல் பெருக்கி, மீண்டும் 234.5ஐக் கழிக்க வேண்டும். விடை சுமார் 96 பாகை. 1923இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மக்காடி உருவாக்கிய ஏவோமீட்டரின் வழிவந்த மல்டிமீட்டர் இதற்கு உதவும். ஆனால் சிறு தடையில் அதன் ஒயர்களின் தடையே கணக்கைக் கெடுக்கும். முனைகளைச் சேர்த்துப் பிடித்து, வரும் அளவைக் கழித்தாக வேண்டும். பெரிய மோட்டாருக்கு, சிறு தடையை அளக்கும் கெல்வின் பிரிட்ஜ்தான் நம்பத்தக்கது. சப்ளையைத் துண்டித்த கணமே காயில் ஆறத் தொடங்குவதால், இடைவெளி விட்டுப் பல முறை அளந்து, நின்ற நொடிக்குப் பின்னோக்கிக் கணிப்பதே முறை.

சென்னையிலிருந்து 1862 வாக்கில் ரயில் பாதை வந்துசேர்ந்த, கோவையை அடுத்த போத்தனூரில் ரயில்வேயின் சிக்னல் பட்டறை உள்ளது. அங்கே செய்யப்படும் ரிலேக்களுக்கும் இதே விதிதான்: சூடேறிய காயிலில் தடை கூடுவதால் ரிலேயை இழுக்க அதிக வோல்ட் வேண்டும்.

டிஜிட்டல் மீட்டர்கள் பரவியபின் தெர்மோகப்பிள் ஒயரும் அவற்றுடன் வரத் தொடங்கியது. 1821இல் சீபெக் கண்ட விளைவே, அதாவது சூட்டு வேறுபாடு மின்னழுத்தம் எழுப்புவதே, அதன் அடிப்படை. கே வகை ஒயர் பாகைக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். அது முனைக்கும் மீட்டர் சாக்கெட்டுக்கும் உள்ள வேறுபாட்டையே காட்டுவதால், சாக்கெட்டின் சூட்டை மீட்டர் தனியே அறிந்து சேர்த்துக்கொள்கிறது. முனை தொடும் இடத்தின் சூட்டுக்கு இது போதும். காயில் முழுவதன் சராசரிக்கு ஓம் அளவே இன்றும் கணக்கு.