வேலை முடிந்த தண்ணீர்

வத்தேகம பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலை. அதன் பின்பக்கக் கானில் ஆவி பறக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பொயிலருக்கு விறகு போடும் அண்ணனிடம் கேட்டோம். "அது வேல முடிஞ்ச தண்ணி தம்பி" என்றார். உண்மையிலேயே அதன் வேலை முடிந்துவிட்டதா? தேடிப் பார்த்தோம்.

நீராவி தன் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராவதுதான் இந்த வெந்நீர். 1712இல் நியூகோமன் செய்த இயந்திரத்தில், சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பாய்ச்சித்தான் ஆவியைத் தண்ணீராக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் ஆறிப்போகும், மறுபடி சூடாக்க நிலக்கரி வேண்டும். 1765இல் ஜேம்ஸ் வாட் யோசித்தது இதைத்தான்: ஆவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்தால் என்ன? அந்தப் பாத்திரத்தில் சேரும் நீரையும் காற்றையும் வெளியேற்ற ஒரு பம்பையும் சேர்த்தார். இன்றைய கண்டென்சேட் பம்பின் பாட்டன் அதுதான்.

அது பிஸ்டன் பம்பு. சுழலும் பம்பு வேறு வழியாக வந்தது. 1689 வாக்கிலேயே பாப்பின் அதைச் செய்து பார்த்தார். 1851 லண்டன் கண்காட்சியில் ஆப்போல்ட், வளைந்த இறக்கைகள் நேரான இறக்கைகளைவிட எவ்வளவோ மேல் என்று காட்டினார். உள்ளே சுழலும் சக்கரம் தண்ணீரை வெளிப்பக்கம் வீசும், நடுவில் அழுத்தம் குறையும், அங்கே புதுத் தண்ணீர் வந்து நிரம்பும்.

வெந்நீரில்தான் சிக்கல். அழுத்தம் குறைந்தவுடன் அது மறுபடி கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் வெளிப்பக்கம் போய் உடையும்போது இரும்பையே அரித்துவிடும். அதனால்தான் வெந்நீர்த் தொட்டியை மேலேயும் பம்பைக் கீழேயும் வைக்கிறார்கள். ஏசி மெஷினில் சொட்டும் நீரை ஏற்றும் குட்டிப் பம்புக்கும் இதே பெயர்தான், ஆனால் அங்கே தண்ணீர் குளிர்ந்தது, இந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர் வழியாகக் கண்டி - மாத்தளை ரயில் பாதை 1880இல் வந்தது. அந்தக் காலத்துக் கரிக்கோச்சி, வேலை முடிந்த ஆவியைப் புகைபோக்கி வழியே ஊதித் தள்ளிவிடும். அதற்குக் காரணம் இருந்தது: அந்த வேகம்தான் அடுப்புக்குக் காற்றை இழுத்துக் கொடுக்கும். பதிலுக்கு வழியெல்லாம் தண்ணீர் நிரப்ப வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் இதற்கு நேர்மாறு. டர்பைனைச் சுற்றிய ஆவியைக் கடல்நீரால் குளிர்வித்து, பம்பு வைத்துத் திருப்பி அனுப்பி, அதே நீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

ஓரிடத்தில் நிற்கும் பொயிலருக்கு ஊதித் தள்ளக் காரணமே இல்லை. பொயிலருக்குப் போகும் நீர் 6 பாகை கூடுதல் சூடாக இருந்தால் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிஞ்சும் என்பது பொறியியலாளர்களின் கணக்கு. 25 பாகைத் தண்ணீருக்குப் பதிலாக 85 பாகை வெந்நீர் திரும்பிப் போனால், பத்து விறகில் ஒன்று மிச்சம்.

கோப்பிக் காலத்திலிருந்தே இந்த மலைகளின் காடு எவ்வளவோ அழிந்துவிட்டது. மீதியில் நக்கிள்ஸ் காடு 2010இல்தான் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் அந்த ஒரு விறகு சின்ன விஷயமில்லை. அதைத் தூக்கிப் போடும் அண்ணனின் முதுகுக்கும் சின்ன விஷயமில்லை. பம்பு வாங்குவதா வேண்டாமா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

கானில் ஓடும் அந்தத் தண்ணீருக்கு இன்னும் வேலை இருக்கிறது.