முகமும் பெயரும்

தாம்பரத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் படித்து, அங்கேயே சில காலம் பாடமும் சொன்னவர் டி. என். சேஷன். பிற்காலத்தில் தலைமைத் தேர்தல் கமிஷனரான அவர், 1993-ல் ஒவ்வொரு வாக்காளருக்கும் புகைப்பட அட்டை வேண்டும் என்று உத்தரவிட்டார். ஊர் ஊராகப் படம் பிடிக்கும் முகாம்கள் நடந்தன.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1951-52 பொதுத் தேர்தலின்போது வடநாட்டுப் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னாரின் மனைவி' என்றே எழுதச் சொன்னார்கள். அப்போதைய கமிஷனர் சுகுமார் சென் இணங்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் ஓட்டை இழந்தார்கள். 1960-ல் கல்கத்தாத் தொகுதி ஒன்றில் புகைப்பட அட்டையைச் சோதித்தார்கள். அங்கே பெண்கள் பலர் காமிராவுக்கு முகம் காட்ட மறுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

1993-க்குப் பின் பெயரையும் முகத்தையும் கொடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அப்புறம்தான் வேறு சங்கடம். காமிராவுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. பட்டியலுக்குப் பெயர் தெரியும், முகம் தெரியாது. இரண்டையும் இணைப்பது ஓர் எண்தான். ஒருவர் வராததைக் குறிக்க மறந்தால் போதும். பின்னால் வருகிறவர்களின் முகமெல்லாம் ஒரு பெயர் தள்ளி விழும். மாமியார் அட்டையில் மருமகள் முகம்! வீட்டில் அது வேடிக்கை. வாக்குச் சாவடியில் அப்படியல்ல. அன்று பெயரைச் சொல்லாததால் போன ஓட்டு, இன்று எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் போகலாமா? எண்ணைச் சரிபார்த்து எழுதிய குமாஸ்தாக்களையும் சரித்திரம் ஒரு வரியில் நினைப்பதுதான் நியாயம்.